மைமலில் அடைத்த பொட்டு

பஞ்சலிங்கம் ஒரு வேலைக்குக் கூலிக்கு ஆள் பிடித்ததாக உடுப்பிட்டியில் எவரும் சொல்ல முடியாது. குழாய் ஒழுகினாலும் அவர்தான், கூரை ஒழுகினாலும் அவர்தான். சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற மனிதருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரியாதுதான். தெரியாவிட்டாலும் செய்வார். அவர் பூட்டிய மின்விசிறிக்குக் கீழே எவரும் கதிரை போட்டு இருப்பதில்லை, அவ்வளவுதான். ஆகவே வீட்டுக்கு அலாம் பூட்ட வேண்டும் என்று முடிவெடுத்தபோது, தானே பார்த்து வாங்குவது, தானே பூட்டுவது என்பதையும் அதே மூச்சில் முடிவெடுத்துவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. அடுத்த ஒழுங்கையில் பட்டப்பகலில் கள்ளர் பின்கதவை நெம்பி உள்ளே போயிருந்தார்கள். வீட்டுக்காரர் கோயிலுக்குப் போன நேரம். காய்ச்சல் வருத்தமாய்ப் படுத்திருந்த மனுசி மட்டும் வீட்டில். அவருடைய வாயைப் பொத்திக் கதிரையோடு கட்டிவிட்டு நகையை எடுத்துப்போனார்கள். ஊர் நகையைப் பற்றிக் கதைத்தது. பஞ்சலிங்கம் அந்தக் கதிரையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி தவமலருக்கு அந்த மாரியில்தான் மாரடைப்பு வந்து போயிருந்தது. ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, திடுக்கிடவே கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரே மகள் தர்சிகா பிரான்சில். பஞ்சலிங்கம் பின்னேரம் வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கப் போனால் தவமலர் தனிய. அவள் இல்லாமல் போனால் தன்னால் ஒரு கிழமைகூட உயிரோடு இருக்க ஏலாது என்பது பஞ்சலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். அதை அவளிடம் சொல்லத்தான் தெரியாது. அலாம் வாங்கத் தெரியும்.

யாழ்ப்பாணம் டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒன்றுக்குச் சுவரெல்லாம் துளைத்து வயர் இழுக்க வேண்டும். இன்னொன்றுக்கு எந்நேரமும் இன்ரநெற் வேண்டும்; உடுப்பிட்டியில் அது மழைக்கு முன்னமே நின்றுவிடும். கடைசியில் வயர் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தார். பெட்டிக்குள் ஒரு சைரன், நாலு கதவுக் காந்தம், ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சர் இரண்டு, எல்லாம் வந்து சேர்கிற ஒரு சின்னப் பனல். கள்ளனுக்குச் சைரன், வீட்டில் ஆள் இருக்கும்போது மெல்லிய மணி மட்டும் அடிக்கிற மாதிரியும் வைக்கலாம்.

"பூனை, கோழிக்கு அடிக்காதோ?" என்று கேட்டார் பஞ்சலிங்கம்.

"அடிக்காது ஐயா. உது சூட்டைத்தான் பாக்கும். மனிசற்றை உடம்புச் சூடு அளவுக்கு ஒண்டு முன்னாலை அசைஞ்சால்தான் அடிக்கும்," என்றார் கடைக்காரர். "சூடில்லாத ஒண்டும் உதுக்குத் தெரியாது. கல்லு நடந்து போனாலும் அடிக்காது."

அந்தப் பதில் பஞ்சலிங்கத்துக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டாமல், மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலே வந்தார்.

வீட்டில் தவமலர் பெட்டியையும் பார்த்தாள், அவருடைய முகத்தையும் பார்த்தாள். "இவ்வளவு காலமும் எங்களுக்கு அலாம் இல்லாமலே இருந்தது," என்றாள். "அக்கா வீட்டுத் திறாங்குச் சத்தம் போதாதே?"

அவள் சொன்னது பக்கத்து வீட்டுச் சின்னாச்சியக்காவைப் பற்றி. அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

அந்தப் பக்கத்து வளவுகளுக்கு முன்னால் ஒரு படலை இருக்கும். அது ஆண்களுக்கும் தபால்காரருக்கும். பக்கத்து வேலியில் ஒரு பொட்டு இருக்கும், அது பெண்களுக்கு. வேலிக்கு நட்ட இரண்டு கதியாலை விலக்கி, ஒரு ஆள் சரிந்து நுழைகிற அளவுக்கு விட்ட இடைவெளிதான் பொட்டு. தவமலருக்குச் சீதனமாக வந்த அந்த வீட்டுக்குப் பஞ்சலிங்கம் மாப்பிள்ளையாக வந்து இறங்கிய அன்றைக்கே அந்தப் பொட்டு இருந்தது. விளக்கு வைத்து, மைமல் இறங்குகிற நேரம் சின்னாச்சியக்கா அதால் நுழைந்து வருவார். குசினியில் குந்தி இருக்க ஒரு பலகை அவருக்கென்றே கிடக்கும். தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை முழுவதும் கதைத்து, எழும்பினால் தவமலர் பொட்டடி மட்டும் கொண்டுபோய் விடுவாள். அங்கே நின்று இன்னொரு கதை. பிறகு அக்கா தன் வீட்டுக்குள் போய்ப் பின்கதவுக்குக் குறுக்கே இரும்புத் திறாங்கைப் போடுவார். 'டங்' என்று அது விழுகிற சத்தம் கேட்கும்வரை தவமலர் பொட்டடியில் நிற்பாள். கேட்ட பிறகுதான் தன் குசினிக் கதவைச் சாத்துவாள். இது மழைக்கும் மாறவில்லை, ஷெல்லடிக்கும் மாறவில்லை.

போன வருசம் சின்னாச்சியக்கா நித்திரையிலேயே போய்விட்டார். கனடாவிலிருந்து மகன் செந்தூரன் வந்து எல்லாக் காரியமும் செய்து, வீட்டைப் பூட்டித் திறப்பைப் பஞ்சலிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். பொட்டு மட்டும் பொட்டாகவே கிடந்தது.

பஞ்சலிங்கம் ஒரு சென்சரைக் குசினியின் வெளிச்சுவரில், பொட்டைப் பார்த்தபடி பூட்டினார். வெறும் வீட்டுக்குள்ளால் கள்ளன் வந்தால் அதால்தான் வருவான் என்பது அவருடைய கணக்கு. அதற்கு ஒன்றாம் இலக்கம். மற்றதைக் குசினியிலிருந்து வீட்டுக்குள் போகிற நடையில், குசினி முழுக்கத் தெரிகிற மாதிரிப் பூட்டினார். அதற்கு இரண்டாம் இலக்கம். தவமலர் குசினியில் வேலையாய் நிற்கும்போது மட்டும் அதை நிப்பாட்டி வைப்பார். ஏணி இரண்டு தரம் சறுக்கியது. அதைத் தவமலரிடம் சொல்லவில்லை.

"தவம், இதாலை ஒருக்கால் நடவும் பாப்பம்."

பூட்டி முடித்தால் ஆளை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது. தவமலர் நடைக்குள்ளால் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சென்சரில் சிவப்பு விளக்கு மின்னியது. பனலில் 'டிங் டொங்' என்றது.

"எனக்கும் அடிக்குது," என்று அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவள் சிரித்ததை அவர் அன்றைக்குத்தான் கண்டார். அலாம் வாங்கியது சரிதான் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

முதல் மைமலிலேயே மணி அடித்தது.

பஞ்சலிங்கம் முன் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். 'டிங் டொங்.' பனலில் ஒன்றாம் இலக்க விளக்கு. எழும்பி ஓடினார். பொட்டடியில் எவருமில்லை. குசினியில் தவமலர் அடுப்படியில் நின்றாள். மேசையில் இரண்டு கோப்பை.

"ஆர் வந்தது?"

"உங்களைத் தவிர ஒருத்தரும் ஓடி வரேல்லை," என்றாள் அவள்.

கொஞ்ச நேரத்தால், ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் கழித்து, மணி இன்னொரு தரம் அடித்தது. அதற்கும் ஆளில்லை. தவமலர் குசினி வாசலில் தலையைச் சரித்து எதையோ கேட்கிற மாதிரி நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படி. வாழையிலை ஆடுகிறதோ என்று வாழையிலையை வெட்டினார். மேற்கு வெயில் படுகிறதோ என்று சென்சரைத் திருப்பினார். கடைக்காரர் பொய் சொல்லியிருப்பாரோ என்று கோழிகளைப் பொழுது படுமுன்னமே கூட்டில் அடைத்தார். கோழிகள் அவரைத் திட்டின. ஒன்றும் மாறவில்லை. விளக்கு வைத்த பிறகு ஒரு மணி. தேத்தண்ணி நேரம் கழித்து ஒரு மணி. இடையில் குசினிப் பக்கம் தவமலரின் குரல் கேட்பது போலவும் இருக்கும். போய்ப் பார்த்தால் அவள் தனிய இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அந்தப் பலகை மட்டும் நடுவுக்கு இழுத்துப் போட்டபடி கிடக்கும்.

பஞ்சலிங்கத்துக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வரும். ஆரோ வெறும் வீட்டில் ஒளித்திருந்து நோட்டம் பார்க்கிறான், இன்றைக்குப் பொட்டடிக்கு வந்துவிட்டு ஓடுகிறவன் நாளைக்கு வாயைப் பொத்துவான். கதிரையோடு கட்டிவைத்த அந்த மனுசி கண்ணுக்குள் வந்து நின்றார். தகரமும் ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து வேலியோரம் வைத்துவிட்டுக் காத்திருந்தார். விளக்கு வைத்தாயிற்று. மணி அடித்தது. பாய்ந்து போனார், எவருமில்லை. போதும் என்று தகரத்தைத் தூக்கிப் பொட்டில் வைத்து அடிக்கத் தொடங்கினார்.

தவமலர் குசினி வாசலுக்கு வந்தாள். அவளுடைய முகம் வெளிறிப் போயிருந்தது.

"இஞ்சேருங்கோ, இப்ப அடிக்காதேங்கோ. கொஞ்சம் பொறுத்து அடியுங்கோ."

"பொறுத்தால் என்ன வரப்போகுது?"

"விளக்கு வைச்ச நேரம். வந்த ஆள் போகமுன்னம் ஆரும் பொட்டை அடைப்பினமே?"

"எந்த ஆள்?"

அவள் குசினிக்குள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பஞ்சலிங்கம் கடைசி ஆணியையும் அடித்துவிட்டுத்தான் கையைக் கழுவினார்.

அன்றைக்கு இரண்டாவது மணி அடிக்கவில்லை. ஒன்றாம் இலக்கம் செத்த மாதிரிக் கிடந்தது. இவ்வளவு சின்ன வேலை, தகரம் ஒன்று, இதை முதல் நாளே செய்திருக்கலாம் என்று பெருமையோடு சாப்பிட உட்கார்ந்தார். இருவரும் முன் விறாந்தையில் இருந்து இடியப்பம் தின்றுகொண்டிருக்கும்போது 'டிங் டொங்' என்றது.

இரண்டாம் இலக்கம். குசினி.

பஞ்சலிங்கத்தின் கையிலிருந்த இடியப்பம் கையிலேயே நின்றது. தவமலர் தலை நிமிரவில்லை. "சொதி விடட்டே?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அந்த மணிக்கு நேரகாலம் இருக்கவில்லை. காலையில் அடிக்கும், மத்தியானம் அடிக்கும், இருவரும் ஒன்றாக விறாந்தையில் இருக்கும்போதும் அடிக்கும். குசினிக்குப் போனால் ஒன்றுமில்லை. ஆனால் ஆரோ இப்போதுதான் எழும்பி வழி விட்ட மாதிரி ஒரு வெற்றிடம் இருக்கும். பஞ்சலிங்கம் பற்றரி மாற்றினார். தாளைத் திருப்பித் திருப்பி வாசித்தார். அதில் இதற்கு மருந்து எழுதியிருக்கவில்லை.

ஆனால் தவமலர் உசாராகிவிட்டாள். அதுதான் புதினம். கஞ்சிக்கே வாய் திறக்காதவள் இப்போது சோறு, கறி, பொரியல் என்று சமைத்தாள். குசினியிலிருந்து கதையும் சிரிப்பும் கேட்டபடி. கழுவக் கிடக்கிற கோப்பையெல்லாம் வழித்துத் துடைத்திருக்கும். அவள் சாப்பிடுகிறாள் என்று பஞ்சலிங்கத்துக்கு வயிறு குளிர்ந்தது. ஒருநாள் தோட்டத்தால் வந்தவர் செருப்பைக் கழற்றாமல் சுவரோரம் நின்று கேட்டார்.

"...ஓம், அவன் சந்திக்கடைத் தனோஜன்ரை மூத்ததுதான்," என்றாள் தவமலர் உள்ளே. பிறகு பேசாமல் இருந்தாள், எதிராளி ஒரு பெரிய கதை சொல்லி முடிக்கிற அளவுக்கு. பிறகு, "சும்மா இருங்கோ அக்கா, சிரிக்க வைக்காதேங்கோ, நெஞ்சு நோகுது," என்றாள்.

பஞ்சலிங்கம் உள்ளே போனார்.

"ஆரோடை கதைக்கிறீர்?"

தவமலர் ஒளிக்கவில்லை. அவளுக்கு ஒளிக்கவும் தெரியாது. "சின்னாச்சியக்காவோடை. வேறை ஆர் இருக்கினம் எனக்கு?" என்றாள். "அண்டைக்கு நீங்கள்தானே போகவிடாமல் அடைச்சுப்போட்டியள். அவ வந்த வழியாலைதானே போகவேணும்."

நல்ல மனிதன் என்றால் அந்த நிமிசமே போய்த் தகரத்தைக் கழற்றியிருப்பான். பஞ்சலிங்கம் கெட்ட மனிதன் இல்லை. ஆனால் அவர் தவமலரின் முகத்தைப் பார்த்தார். அதில் வெளிச்சம் இருந்தது. அக்கா போனால் அந்த வெளிச்சமும் போய்விடும், அக்கா போகும்போது இவளும் வழக்கம்போலப் பொட்டடி மட்டும் கொண்டுபோய் விடப் போவாள், அங்கிருந்து திரும்பி வருவாளோ என்னவோ. இருக்கட்டும். செத்த ஆள் குசினியில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்; உயிரோடு இருக்கிற ஆள் எனக்கு இருந்தால் போதும். அப்படித்தான் நினைத்தார். அடுத்த நாள் வேலியைப் பார்க்கப் போகிறவர் மாதிரிப் போய்த் தகரத்துக்கு இன்னும் நாலு ஆணி அடித்துவிட்டு வந்தார்.

இது எவ்வளவு காலம் போயிருக்குமோ தெரியாது. செந்தூரன் கனடாவிலிருந்து போன் எடுத்தான்.

"மாமா, அம்மா செத்து வருசம் ஒண்டாகுது, ஆட்டத்திவசம் வருது. இஞ்சை ஐயரை வைச்சுச் செய்யிறம். நீங்கள் ஒருக்கால் வீட்டைத் திறந்து, கூட்டி, ஒரு விளக்கு வைச்சு விடுவியளே?"

"அதுக்கென்ன தம்பி, செய்யிறன்."

செந்தூரன் உடனே போனை வைக்கவில்லை. "மாமா, ஒண்டு கேக்கிறன், சிரிக்காதேங்கோ. அம்மா செத்த நாளிலையிருந்து அடிக்கடி கனவிலை வாறவ. எங்கடை பின்வாசல்லை நிப்பா. இப்ப கொஞ்ச நாளா வாறேல்லை. வாசல் மட்டும் வருது, அம்மா இல்லை."

பஞ்சலிங்கம் சிரிக்கவில்லை.

படலையால் சுற்றிப் போய் முன்கதவைத் திறந்தார். பட்டப்பகல். ஆனாலும் உள்ளே கால் வைத்ததும் அவருக்கு ஒன்று விளங்கிவிட்டது: அந்த வீட்டில் எவரும் இல்லை. ஆள் செத்த வீட்டில்கூட ஏதோ ஒன்று மிஞ்சி நிற்கும். இங்கே அதுவும் இல்லை. கூட்டினார். படத்துக்கு முன்னால் விளக்கை வைத்தார். பின்கதவுப் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

திறாங்கு போட்டிருக்கவில்லை. காரியங்கள் முடிந்து செந்தூரன் வெளிக்கிட்ட அன்றைக்கு அந்தத் திறாங்கைத் தன் கையாலேயே போட்டவர் பஞ்சலிங்கம். கறள் பிடித்த கொளுவிகளுக்குள் அடித்து இறக்கியிருந்தார். இப்போது அது எடுத்துச் சுவரோரம் சாத்தி வைத்தபடி நின்றது, சின்னாச்சியக்கா எப்போதும் சாத்தி வைக்கிற அதே மூலையில். கதவு வெறுமனே மூடிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்கு ஒரு நடை போட்டு வருகிற ஆள் விட்டுவிட்டுப் போகிற மாதிரி.

திறாங்கை எடுத்துப் போடக் கை நீட்டினார். போட்டால் அவ எப்படி உள்ளே வருவா என்ற நினைப்பு வந்தது. கையை இழுத்துக்கொண்டார். ஒரு கிழவியை அவருடைய வீட்டு வாசலுக்கு வெளியே இத்தனை நாளாக நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே வீட்டுக்கு வந்து, அந்த வெட்கத்தை விழுங்கிக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்தார். வெட்கத்தைவிட அவருக்குத் தவமலர் பெரிது.

தவமலர் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கும்போது அவளுடைய விரல்கள் பட்டன. கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த வாளிபோலக் குளிர்ந்து கிடந்தன. பஞ்சலிங்கம் கோப்பையை வைத்துவிட்டு அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டில் இறுக்கமாய் இருந்த காப்பு முழங்கை மட்டும் வழுகிப் போனது.

"என்ன உமக்கு இப்பிடிக் குளிருது?"

"ஒண்டுமில்லை. தண்ணிக்கை நிண்டனான்."

அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாத வேளையில் அவர் கருவியைத்தான் நம்புவார். அவளைக் கூட்டிக்கொண்டு குசினி நடைக்குப் போனார்.

"தவம், இதாலை ஒருக்கால் நடவும் பாப்பம்."

அவள் நடந்தாள். சென்சர் பேசாமல் இருந்தது. சிவப்பு விளக்கு மின்னவில்லை. பஞ்சலிங்கம் தான் நடந்தார்: டிங் டொங். "திருப்பி நடவும்." நடந்தாள். ஒன்றுமில்லை. புதுப் பற்றரி போட்டார், கண்ணாடியைக் கட்டியிருந்த சாரத்தால் துடைத்தார். அவர் கையை ஆட்டினால் அடித்தது. அவள் அதன் கீழே வந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாலும் அதற்கு அவளைத் தெரியவில்லை. கடைக்காரர் சொன்னது அவருடைய காதில் திரும்பக் கேட்டது. சூடில்லாத ஒண்டும் உதுக்குத் தெரியாது.

அப்போது, இரண்டு பேரும் அசையாமல் நிற்கும்போது, மணி அடித்தது. குசினியில், பலகை கிடந்த பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று எழும்பியிருந்தது. அதற்குச் சூடு இருந்தது.

"நீர் சாப்பிடுறேல்லையோ?" என்று கேட்டார் பஞ்சலிங்கம்.

"எனக்குப் பசிக்கேல்லை. வந்த ஆளைப் பட்டினி போடேலுமே?" தவமலர் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவவும் பாவம். தனக்கு வேண்டாம், வேண்டாம் எண்டுதான் சொல்லுறா. ஒவ்வொரு மைமலும் குசினி வாசல் மட்டும் போய் நிண்டு தகரத்தைப் பாத்துப்போட்டுத் திரும்பி வாறா. இஞ்சேருங்கோ, அவவுக்கு வீட்டை போகவேணும். நான் இளைச்சுப் போனன்."

அவளை எவனும் கொண்டுபோகக் கூடாது என்றுதான் அவர் எல்லாக் கதவுக்கும் காந்தம் பூட்டினார். வெளியால் வருகிறவனுக்கு அடிக்கிற மணியைப் பூட்டிவிட்டு, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தவளை அவர் காணவில்லை. பஞ்சலிங்கம் அந்த இடத்திலேயே அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அலவாங்கை எடுக்கப் போனார்.

பொழுது பட்டிருந்தது. தவமலர் விளக்கு வைத்தாள். அவர் அடித்த ஆணிகள் அவ்வளவும் அவருக்கே எதிராக நின்றன. அலவாங்கைக் கொடுத்து நெம்ப நெம்பத் தகரம் கத்தியது. கடைசி ஆணி கழன்று தகரம் சரிந்ததும் அந்தப் பக்கத்து வளவின் இருட்டு தெரிந்தது. பஞ்சலிங்கம் தோளிலிருந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அக்கா," என்றார், எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல். "விளக்கு வைச்ச நேரத்திலை பொட்டை அடைச்சது என்ரை பிழை. மனசிலை வைச்சிருக்காதேங்கோ. பின்கதவு திறந்துதான் கிடக்குது. போய்ட்டு வாங்கோ."

சொன்ன பிறகுதான் 'வாங்கோ' என்று சொன்னது உறைத்தது. ஆனால் போகிற ஆளிடம் வேறு எப்படிச் சொல்வது?

தவமலர் குசினியால் இறங்கி வந்தாள், பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு. உள்ளே ஒன்றாம் இலக்க மணி அடித்தது. அவள் பொட்டடிக்கு வந்ததும் பஞ்சலிங்கம் அவளுடைய கையை எட்டிப் பிடித்தார். கல்யாண நாளுக்குப் பிறகு வளவில் நின்று அவர் அவளுடைய கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். கை ஐஸ் மாதிரி இருந்தது. அவள் பொட்டைப் பார்த்து மெல்லக் கதைத்தாள், ஏதோ பருப்பு ஊறப்போடுகிற கதை, செந்தூரன் நல்லாய் இருக்கிறான் என்ற கதை. அவளுடைய ஒரு கால் பொட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. பஞ்சலிங்கம் இழுக்கவில்லை. விடவும் இல்லை.

பிறகு அவள் பேச்சை நிறுத்தினாள். தலையைச் சரித்துக் கேட்டபடி நின்றாள். அவரும் நின்றார். நுளம்பு கடித்தது. பக்கத்து வளவில் சருகு சரசரத்தது, தூரம் போனது, நின்றது.

டங்.

இரும்பு கொளுவிக்குள் விழுகிற சத்தம். முன்கதவின் திறப்பு பஞ்சலிங்கத்தின் மடியில் இருந்தது. பின்கதவுக்குத் திறப்பு கிடையாது. அதை உள்ளே நிற்கிற ஆள்தான் போட வேண்டும்.

தவமலர் நெடுமூச்சு விட்டாள். காலை இந்தப் பக்கம் எடுத்து வைத்தாள். "சரி, வாங்கோ," என்றாள். "கதவைச் சாத்துவம்."

அவர் முன்னால் குசினிக்குள் ஏறி நடைக்குப் போனார். டிங் டொங். அங்கே நின்று திரும்பினார். அவளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் சென்சரின் சின்னக் கண்ணாடியையே பார்த்தார். தவமலர் குசினிப் படியில் கால் வைத்தாள். ஒரு அடி. இன்னொரு அடி.

சிவப்பு விளக்கு மின்னியது. டிங் டொங்.

"உந்தச் சனியனை நிப்பாட்டிப்போட்டு இஞ்சை வந்து இருங்கோ," என்றாள் தவமலர். பலகையைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டு, அடுப்பில் கேத்திலை வைத்தாள். "எனக்குப் பசிக்குது. நான் சமைக்குமட்டும் ஏதாவது கதையுங்கோ."

பஞ்சலிங்கம் அந்தப் பலகையில் ஒரு நாளும் இருந்ததில்லை. முழங்கால் மடங்க மறுத்தது. கஷ்டப்பட்டு உட்கார்ந்து, என்ன கதைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, அலாம் பூட்டிய அன்றைக்கு ஏணி இரண்டு தரம் சறுக்கிய கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.